செவ்வாய்க்கிழமை அந்தோனியார்: வெள்ளிக்கிழமை செத்த மனுசனுக்கு ஏன் செவ்வாய்?

நெத்திலி_குழம்பு

ரொம்ப நாளா மண்டைக்குள்ள கெடக்குற சந்தேகம், இங்க யாராவது விவரமானவங்க இருப்பீங்கன்னு கேக்கேன். எங்கம்மா முப்பது வருசமா செவ்வாய்க்கிழமை தவறாம அந்தோனியார் கோவிலுக்குப் போவாங்க, மழையா இருந்தாலும் சரி காய்ச்சலா இருந்தாலும் சரி, ஒரு கையில மெழுகுதிரி இன்னொரு கையில உப்பு மிளகுப் பொட்டலம், நவநாள் ஜெபம் முடிச்சிட்டு வந்துதான் வீட்டுல ராத்திரி அடுப்பு பத்தும். சின்ன வயசுல செவ்வாய்க்கிழமைனாலே எங்களுக்கு லேட்டா சாப்பாடுன்னு அர்த்தம். போன வாரம் ஆபீஸ்ல ஒருத்தன் ஏன்டா செவ்வாய், உங்களுக்கு ஞாயிறுதானேன்னு கேட்டுட்டான். பதில் தெரியல. போன்ல தேடிப் பாத்தா அவர் இறந்தது 1231 ஜூன் 13, அன்னைக்கு வெள்ளிக்கிழமைன்னு போட்டுருக்கு. அப்போ செவ்வாய் எங்கருந்து வந்துச்சு? அம்மாகிட்ட கேட்டா "ஆதியில இருந்தே அப்படித்தாம்ல"ங்காங்க.

இன்னொண்ணு, கோடி அற்புதர் கோடி அற்புதர்னு சொல்லுதோம், தொலைஞ்ச சாவியக் கண்டுபிடிச்சுக் குடுக்குறதத் தவிர அந்த மனுசன் உயிரோட இருக்கும்போது என்னதான் செஞ்சாரு? சத்தியமா எனக்குத் தெரியாது.

வேப்பமரத்தடி

நான் இந்து, ஆனா பத்து வருசமா செவ்வாய்க்கிழமை அந்தோனியார் கோவிலுக்கும் போறவ. எங்களுக்கு செவ்வாய் முருகனுக்கும் அம்மனுக்கும் உள்ள நாள், அத வச்சுத்தான் நம்ம ஊர்ல இவருக்கும் செவ்வாய்னு ஆயிருக்கும்னு நெனச்சிட்டிருந்தேன். காலைல மாரியம்மன், சாயந்திரம் அந்தோனியார், ஒரே பூக்காரம்மாகிட்டதான் ரெண்டுக்கும் பூ வாங்குவேன்.

பழைய_மிசால்

இல்லம்மா, செவ்வாய் அங்க இருந்தே வந்தது. நான் கொஞ்ச காலம் சாமியாருக்குப் படிக்கிற குருமடத்துல இருந்துட்டு வெளிய வந்தவன், அந்தப் பழக்கத்துல இதெல்லாம் வாசிச்சு வச்சிருக்கேன்.

அவர் இறந்தது வெள்ளிக்கிழமைதான், ஆனா அடக்கம் பண்ணது செவ்வாய்க்கிழமை, 1231 ஜூன் 17. நடுவுல நாலு நாள் ஏன் ஆச்சுங்கிறதுதான் கதையே. இத்தாலில பதுவை நகரத்துக்கு வெளிய கம்போசம்பியேரோங்கிற ஊர்ல ஒரு பிரபுவோட தோட்டத்துல, பெரிய வால்நட் மரத்துக்கு மேல பலகை அடிச்சு ஒரு குடிசை மாதிரி கட்டிக் குடுத்திருந்தாங்க, அதுலதான் கடைசி நாள்ல தங்கியிருந்தாரு. உடம்பு ரொம்ப முடியாமப் போயி, பதுவைல இருக்கிற தன்னோட மடத்துலதான் சாகணும்னு கேட்டாரு. மாட்டு வண்டில படுக்க வச்சு ஜூன் வெயில்ல கொண்டு போறாங்க. நகரத்துக்குள்ள போக முடியல, வழியிலயே ஆர்செல்லாங்கிற எடத்துல கிளாரா சபைக் கன்னியர் மடம், அங்கயே இறக்கிட்டாங்க, அங்கயே உயிர் போச்சு. முப்பத்தாறு வயசு கூட நிரம்பல.

சகோதரர்கள் சாவ மறைச்சு வைக்கப் பாத்துருக்காங்க, கூட்டம் கூடிரும்னு. நடக்கல. சின்னப் பசங்க தெருத்தெருவா "புனிதர் செத்துட்டாரு, புனிதர் செத்துட்டாரு"ன்னு கத்திக்கிட்டு ஓடுனாங்களாம். ஒடனே அந்தப் பகுதி ஜனங்க ஆயுதத்தோட வந்து மடத்தச் சுத்தி நின்னுட்டாங்க, உடல் எங்களுக்குத்தான், நகரத்துக்காரனுக்குக் குடுக்க மாட்டோம்னு. நகர அதிகாரி ஆத்துக்குக் குறுக்க படகுகளக் கட்டி பாலம் போட்டாரு, இவங்க அந்தப் பாலத்த ஒடைச்சாங்க. ஆயரு, துறவிகள், ஊர்க்காரங்கன்னு இழுபறி. கடைசில செவ்வாய்க்கிழமதான் ஊர்வலமா எடுத்துட்டுப் போயி மரியன்னை சிற்றாலயத்துல வச்சாங்க. அன்னைக்கே கல்லறைல நோயாளிங்க குணமானதா சொல்லப்போக, செவ்வாய்னா அவர் நாள்னு ஒட்டிக்கிச்சு. 1600கள்ல பொலோஞ்ஞால ஒன்பது செவ்வாய் போற பக்தி கிளம்பி, அப்புறம் அவர் இறந்த 13ஆம் தேதியக் கணக்கு வச்சு பதிமூணு செவ்வாய்னு ஆச்சு. நம்ம ஊர் 13 வாரம் இதுதான்.

நெத்திலி_குழம்பு

ஐயா, அடக்கத்துக்கே அடிதடியா. எங்க ஊர் சப்பரம் தூக்குற சண்டைக்கே பஞ்சாயத்து கூடும், அப்போ இது பரம்பரைப் பழக்கந்தான் போல 😄

கப்பல்காரன்

பதுவை பதுவைன்னு எல்லாரும் சொல்றீங்க, அவர் பதுவைக்காரரே கிடையாதுங்க. பச்சை லிஸ்பன்காரர். நான் கப்பல்ல வேல பாத்தவன், ஜூன் மாசம் லிஸ்பன் துறைமுகத்துல ரெண்டு தடவ இறங்கியிருக்கேன், அங்க போய் "பதுவை அந்தோனியார்"னு சொன்னா மொறைப்பாங்க, "லிஸ்பன் அந்தோனியார்"னு திருத்துவாங்க. பெர்னாண்டோங்கிறது பெத்தவங்க வச்ச பேரு. 1195ல பொறந்ததா சொல்றாங்க, அந்த ஊர் கதீட்ரலுக்குப் பக்கத்துலயே வீடு, இப்ப அந்த எடத்துல ஒரு சின்னக் கோவில் இருக்கு. 1755ல லிஸ்பனே நொறுங்குன பூகம்பம் வந்துச்சுல்ல, அதுல இதுவும் போச்சு. திரும்பக் கட்டுறதுக்கு சின்னப் பிள்ளைங்க தெருவுல குட்டிப் பீடம் ஜோடிச்சு வச்சு "அந்தோனியாருக்கு ஒரு காசு"ன்னு கேட்டு வசூல் பண்ணாங்களாம், அந்தப் பழக்கம் இன்னும் இருக்கு.

ஜூன் 12 ராத்திரி நீங்க பாக்கணும். அல்ஃபாமான்னு ஒரு பழைய பேட்ட, ஏத்தமும் இறக்கமுமா சந்து சந்தா இருக்கும், ஒவ்வொரு வாசல்லயும் கரி அடுப்பு, அதுல மத்தி மீன் சுட்டுக்கிட்டே இருப்பாங்க, பொக வந்து கண்ணு எரியும், சுட்ட மத்திய ஒரு துண்டு ரொட்டி மேல வச்சு கையில குடுப்பாங்க, எண்ணெய் ரொட்டில எறங்கி எறங்கி கடைசில அந்த ரொட்டிதான் மீன விட ருசியா இருக்கும். சின்னத் தொட்டில ஒரு துளசி மாதிரி செடி விப்பாங்க, கிட்ட மூக்க வச்சு மோக்கக் கூடாது, கையால தடவிக் கையத்தான் மோக்கணும்னு ஒரு கிழவி என்னையத் திட்டிருச்சு. அந்தச் செடில காகிதப் பூவும் ரெண்டு வரி காதல் பாட்டும் குத்தி வச்சிருக்கும். ஏன்னா அங்க அவரு கல்யாணத் தரகரு! வசதியில்லாத ஜோடிகளுக்கு அந்தப் பண்டிகையில ஊரே சேர்ந்து கல்யாணம் பண்ணி வைக்கிற வழக்கம் 1958ல ஆரம்பிச்சது, நடுவுல 1974ல இருந்து நின்னு போயி திரும்ப 97ல இருந்து நடக்குது. மாப்பிள கெடைக்கலன்னா பொண்ணுங்க அவர் சிலையத் தலைகீழாத் தண்ணிக்குள்ள வச்சு மிரட்டுறதும் உண்டு.

இவ்வளவுக்கும் லிஸ்பனுக்கு அதிகாரப்பூர்வப் பாதுகாவலர் இவர் இல்ல, வின்சென்ட்டு. அவர யாருக்கு ஞாபகம் இருக்கு?

சந்தேகப்புலி

மத்தி மீன், மாப்பிள்ளை, சாவி. எல்லாம் சரி. அவர் என்ன செஞ்சாருன்னு கேட்டதுக்கு ஒருத்தரும் இன்னும் சொல்லல. மீனுக்குப் பிரசங்கம் பண்ணாரு, கழுதை முட்டி போட்டுச்சு, இதெல்லாம் தவிர ஏதாவது இருந்தா சொல்லுங்க.

பழைய_மிசால்

சொல்றேன் தம்பி, கொஞ்சம் நீளமாப் போகும்.

ஆரம்பத்துல அவர் பிரான்சிஸ்கன் சபைத் துறவி கிடையாது. அகுஸ்தீன் சபையில சேந்து லிஸ்பன்லயும் அப்புறம் கோயிம்ப்ரால இருக்கிற திருச்சிலுவை மடத்துலயும் படிச்சவரு. நல்ல நூலகம், நல்ல படிப்பு, அரசரோட ஆதரவு உள்ள மடம். வாழ்க்க செட்டில். 1220ல அஞ்சு பிரான்சிஸ்கன் துறவிகள் மொரோக்கோவுல கொல்லப்பட்டாங்க, அவங்க உடல்கள அதே கோயிம்ப்ரா மடத்துக்குத்தான் கொண்டு வந்தாங்க. அதப் பாத்ததும் இவருக்கு ஏதோ ஆயிருச்சு. ஊருக்கு வெளிய ஒலிவத்தோப்புக்குள்ள ஏழை பிரான்சிஸ்கன்கள் நாலஞ்சு பேரு இருந்தாங்க, எழுதப் படிக்கத் தெரியாதவங்க, இவங்க மடத்துக்கு வந்துதான் பிச்ச எடுப்பாங்க. அவங்ககிட்ட போயி, என்னையும் மொரோக்கோவுக்கு அனுப்புறதா இருந்தா வர்றேன்னு சொல்லி அங்கி மாத்திக்கிட்டாரு. அவங்க தங்கியிருந்த கோவில் வனத்து அந்தோனியார் பேர்ல உள்ளது, அதனால பெர்னாண்டோ அந்தோனியார் ஆனாரு.

(நம்ம ஊர்ல நெறைய பேரு ரெண்டு பேரையும் போட்டுக் கொழப்பிக்குவாங்க. ஜனவரி 17, பொங்கல ஒட்டி வர்றவரு எகிப்து பாலைவனத்து வனத்து அந்தோனியாரு, மாட்டுக்கு மந்திரிக்கிறது அவர் பேர்லதான். ஜூன் 13 இவரு. நடுவுல கிட்டத்தட்ட எண்ணூத்தி எழுபது வருச இடைவெளி.)

சாகணும்னு கெளம்பிப் போனவருக்கு மொரோக்கோவுல இறங்குனதும் காய்ச்சல். ஒரு பிரசங்கம் கூட வைக்கல, பாய்லயே படுத்துக் கெடந்துட்டு திரும்புறாரு. கப்பல் புயல்ல மாட்டி போர்ச்சுக்கலுக்குப் போகாம சிசிலிக்குப் போயிருச்சு. அங்கருந்து 1221ல அசிசில நடந்த பெரிய பொதுக்கூட்டத்துக்கு மத்தவங்களோட நடந்து போறாரு. அந்த சபைய ஆரம்பிச்ச பிரான்சிஸ்கார் உயிரோட இருந்த சமயம். கூட்டம் முடிஞ்சு ஒவ்வொரு மாகாணத் தலைவரும் தன் ஆளுங்களக் கூட்டிட்டுப் போயிட்டாங்க, இவர யாரும் கூப்பிடல. யாருக்கும் தெரியாத, சீக்காளி, வெளிநாட்டு ஆளு. கடைசில ரொமாஞ்ஞா பகுதித் தலைவர்கிட்ட தானே போயி என்னையக் கூட்டிட்டுப் போங்கன்னு கேட்டு, மோந்தேபவோலோங்கிற மலை ஆசிரமத்துல பூச வைக்கவும் சட்டி பானை கழுவவும் சேந்துக்கிட்டாரு. தனக்கு என்ன படிப்பு இருக்குன்னு யார்கிட்டயும் மூச்சு விடல.

1222ல ஃபொர்லீல குருப்பட்டம் குடுக்குற சடங்கு. தோமினிக்கன் சபைக்காரங்களும் வந்துருக்காங்க. பிரசங்கம் யாரு வைக்கிறதுன்னு யாரும் முன்கூட்டி முடிவு பண்ணல, நீ வையி நீ வையின்னு தட்டிக் கழிச்சு (நம்ம ஆளுங்க மைக்கப் பாத்ததும் ஓடுற மாதிரியே), கடைசில தலைவர் இந்த சட்டி கழுவுறவரப் பாத்து, ஆண்டவர் என்ன சொல்ல வைக்கிறாரோ சொல்லுன்னுட்டாரு. அவரு மொதல்ல தயங்கித் தயங்கி ஆரம்பிச்சு அப்புறம் போனாரு பாருங்க, அத்தோட சட்டி கழுவுற வேல முடிஞ்சது. அதுக்கப்புறம் பொலோஞ்ஞா, தெற்கு பிரான்சுன்னு ஒன்பது வருசம் நடையும் பிரசங்கமுந்தான். பிரான்சிஸ்காருக்குப் படிப்பு மேல ஒரு பயம் உண்டு, படிப்பு வந்தா பணிவு போயிரும்னு. அவரே இவருக்கு மட்டும் நம்ம சகோதரர்களுக்கு இறையியல் சொல்லிக் குடு, ஜெப உணர்வ அணைச்சிராத அளவுக்குன்னு கடிதம் எழுதினாரு.

நெத்திலி_குழம்பு

ஐயா, ஆள் யாருன்னே தெரியாம பாத்திரம் கழுவ விட்ட கதை நல்லா இருக்கு. ஆனா சாவி மேட்டர்?

பழைய_மிசால்

அது சாவி இல்ல, புத்தகம். சங்கீதப் புத்தகம், ஓரத்துல அவர் கையால பாடக் குறிப்பெல்லாம் எழுதி வச்சது. அச்சுக்கு முந்தின காலம், ஒரு புத்தகம் போனா பல வருச உழைப்பு போச்சு. சபை வேணாம்னு ஓடிப் போன ஒரு நவசந்நியாசி பையன் அதையும் தூக்கிட்டுப் போயிட்டான். இவர் ஜெபிச்சாரு, பையன் புத்தகத்தோட திரும்பி வந்துட்டான், சபைக்கும் வந்துட்டான். ஊரு எதுங்கிறதுல ரெண்டு மூணு கதை உண்டு.

சந்தேகப்புலி

சரி, ஒத்துக்கறேன், அந்த வாழ்க்கைக் கதை சுவாரசியமா இருக்கு. ஆனா ஒரு விசயம். அவரப் பத்தி எழுதுன மொதல் வரலாறு அவர் செத்து ஒரே வருசத்துல ஒரு சக துறவி எழுதினது. அதுல மீனும் இல்ல கழுதையும் இல்ல. ரிமினி கடற்கரைல மீனெல்லாம் தலையத் தூக்கிட்டுக் கேட்டது எல்லாம் பின்னால வந்த புத்தகங்கள்ல சேந்தது. கையில குழந்தை இயேசு, லீலிப் பூ இதுவும் அப்படித்தான். அந்த மொத புத்தகத்துல என்ன இருக்குன்னா, அவரு கொஞ்சம் பருத்த உடம்புக்காரரு, எப்பவும் நோயாளி. நம்ம கோவில் சிலைல இருக்கிற ஒல்லியான இருபது வயசுப் பையன் யாரு அப்போ?

பழைய_மிசால்

நல்லா வாசிச்சிருக்க. எனக்குப் பிடிச்சதும் அந்தப் பருத்த உடம்புதான். அதே புத்தகத்துல 1231 தவக்காலத்தப் (ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள்) பத்தியும் இருக்கு பாரு. நாற்பது நாளும் தினமும் பிரசங்கம், அதுக்கு முன்னால யாரும் அப்படிச் செஞ்சதில்லன்னு சொல்வாங்க. கோவில்ல எடம் பத்தாம வயல் வெளிக்கு மாத்துனாங்க. கூட்டம் முப்பதாயிரம்னு எழுதியிருக்காரு, அத விடு, கூட்டத்துக்குக் கணக்கு எழுதுறவன் எந்தக் காலத்துலயும் ஒரே மாதிரிதான். ஆனா சின்னச் சின்ன விவரம் பொய்யாத் தோணல. ராத்திரியே பந்தம் கொளுத்திட்டு வந்து எடம் பிடிப்பாங்களாம். அவர் பேசி முடிக்கிற வரைக்கும் கடைக்காரங்க வியாபாரம் பண்ண மாட்டாங்களாம். பொம்பளைங்க கத்திரிக்கோல் கொண்டு வந்து அவர் அங்கிய ஓரத்துல வெட்டி எடுத்துட்டுப் போயிருக்காங்க, நேர்ச்சைப் பொருளா வச்சுக்க. அதனால திடகாத்திரமான வாலிபப் பசங்க சுத்தி நின்னு பாதுகாத்துருக்காங்க.

வேப்பமரத்தடி

கத்திரிக்கோலா 😂 எங்க தேர்ல மாலைய இழுக்கிற கூட்டம் தேவல.

பதுவைப்_பக்கம்

வணக்கம். இழையப் பாத்ததும் எழுதாம இருக்க முடியல. நான் இத்தாலில வயசானவங்களப் பாத்துக்கிற வேலைல இருக்கேன், பதுவைக்கு ட்ரெயின்ல அரை மணி நேரம். லீவு நாள்ல போவேன். அங்க யாரும் பசிலிக்காவ, அதான் அவர் கல்லறை இருக்கிற பெரிய கோவில, அந்தோனியார் கோவில்னு சொல்றதில்ல, "இல் சாந்தோ"ன்னுதான், புனிதர்னு மட்டும் சொன்னா போதும், வேற யாரும் இல்லாத மாதிரி. 1232லயே கட்ட ஆரம்பிச்சிட்டாங்க, பல குவிமாடம், தூரத்துல இருந்து பாத்தா மசூதியும் கோவிலும் சேந்த மாதிரி இருக்கும்.

கல்லறைக்குப் பின்பக்கம் கரும்பச்சைக் கல்லு ஒண்ணு இருக்கு, ஜனங்க வரிசைல வந்து அதுல உள்ளங்கைய வச்சு கண்ண மூடி நிப்பாங்க. எண்ணூறு வருசமா கை வச்ச கல்லுன்னு தோணும். சுத்தி போட்டோவா மாட்டி வச்சிருப்பாங்க, நொறுங்கிப் போன கார், ஆஸ்பத்திரி இன்குபேட்டர்ல இருக்கிற பிள்ளை, கல்யாண ஜோடி. நான் போனப்ப எனக்கு முன்னால ஒரு தாத்தா, கைய எடுக்கவே இல்ல, பின்னால வரிசை நிக்குது, யாரும் ஒண்ணும் சொல்லல. அவர் எடுத்ததும் நான் வச்சேன், அந்த எடம் மட்டும் சூடா இருந்துச்சு.

பின்னாடி புனிதப் பொருள் வச்சிருக்கிற அருளிக்க சிற்றாலயத்துல அவரோட நாக்கு இருக்கு. 1263ல புதுக் கோவிலுக்கு மாத்துறதுக்காகப் பெட்டியத் திறந்தப்ப உடம்பெல்லாம் மண்ணாப் போயிருக்கு, நாக்கு மட்டும் அப்படியே இருந்துருக்கு, அப்போ சபைத் தலைவரா இருந்த பொனவெந்தூர் அதக் கையில எடுத்து முத்தமிட்டாருன்னு வரலாறு. இப்ப பாத்தா கருத்து சுருங்கின ஒரு சின்னத் துண்டு, தங்கப் பேழைக்குள்ள. மொத தடவ பாத்தப்ப உண்மையச் சொன்னா எனக்கு ஒரு மாதிரி குமட்டுச்சு, இப்ப பழகிருச்சு.

சந்தேகப்புலி

1991 அக்டோபர்ல முகமூடிக் கொள்ளைக்காரங்க துப்பாக்கியோட அதே பசிலிக்காவுக்குள்ள புகுந்து அவரோட தாடை எலும்பு இருந்த பேழையத் தூக்கிட்டுப் போனாங்களே, அதையும் சொல்லுங்க. தொலைஞ்சதக் கண்டுபிடிக்கிறவரோட தாடையே தொலைஞ்சு போச்சு.

பதுவைப்_பக்கம்

சொல்றதுக்கென்ன, டிசம்பர்ல ரோம் விமான நிலையத்துப் பக்கமா கெடச்சிருச்சுல்ல. எங்க வீட்டுப் பாட்டி இன்னும் அதச் சொல்லிச் சிரிப்பாங்க, அவரே அவருக்கு வேண்டிக்கிட்டாருன்னு.

கொட்டாஞ்சேனை_பொடியன்

நான் கொழும்பு. கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலுக்கு நடந்து போற தூரத்தில வீடு. செவ்வாய்க்கிழமையில வந்து பாருங்கோ, தமிழ் சிங்களம் எண்டு இல்ல, சைவம், பௌத்தம், கிறிஸ்தவம், இஸ்லாம் எல்லாச் சனமும் நிக்கும். பூவும் மெழுகுதிரியும் விக்கிறவை ரெண்டு பாஷையிலயும் கூப்பிடுவினம். 2019 உயிர்த்த ஞாயிறு குண்டு எங்கட கோயிலிலயும் வெடிச்சது, ஏப்ரல் 21. அதைப் பற்றி நான் எழுதேல, ஏலாது. ஜூன் 12, திருநாளுக்கு முதல் நாள், திரும்பத் திறந்தவை. அண்டைக்கு உள்ள போகேக்க செருப்பில்லாமல் நிலத்தைத் தொடக் கால் கூசினது மட்டும் ஞாபகம்.

கச்சதீவிலயும் இவர் தான். தண்ணி இல்லாத தீவு, ஆள் குடியிருப்பு இல்ல, ஆனா வருசத்தில ஒருக்கா பெப்ரவரி மார்ச்சில ராமேஸ்வரத்துப் படகும் யாழ்ப்பாணத்துப் படகும் ஒரே கரையில நிக்கும். ரெண்டு பக்கத்துச் சாமிமாரும் சேந்து பூசை வைப்பினம். 2016 டிசம்பரில புதுக் கோயில் கட்டித் திறந்தது, பழைய சின்னக் கோயிலும் பக்கத்திலயே நிக்குது. மற்ற நாளில வலையையும் எல்லையையும் பிடிச்சுச் சண்டை பிடிக்கிறவை தான் அண்டைக்குப் பாயைப் பகிர்ந்து படுப்பினம்.

கப்பல்காரன்

கடக்கரை பூரா இவர் இருக்கிறதுக்குக் காரணமே போர்ச்சுக்கீசுக் கப்பல்தான். அவங்க போன எடமெல்லாம் ஊருக்காரர் ஒருத்தர கூட்டிட்டுப் போன மாதிரி இவரக் கூட்டிட்டுப் போனாங்க. உவரில சொல்ற கதையும் அதான, காலரா வந்த கப்பல்ல தச்சன் ஒருத்தன் மரத்துல சிலை செதுக்கினான், நோய் நின்னுச்சு, கரையில இறங்கி சிலைய வச்சிட்டுப் போனாங்கன்னு. போர்ச்சுக்கல்ல இவர பட்டாளத்துலயே சேத்துட்டாங்க தெரியுமா, 1668ல லாகோஸ் படைப்பிரிவுல சிப்பாயாப் பதிஞ்சு அப்புறம் கேப்டனா பதவி உயர்வு. சம்பளத்தோட!

பழைய_மிசால்

சபைய விட்டு ஓடிப் போனவனையே அடிக்காம ஜெபிச்ச மனுசனுக்குத் துப்பாக்கிப் படையில பதவி. ஜனங்களுக்கு யார் பிடிக்குதோ அவர எல்லா வேலைக்கும் வச்சுக்குவாங்க போல.

சந்தேகப்புலி தம்பி அப்பவே கேட்டான், அற்புதம் தவிர என்ன செஞ்சாருன்னு. நான் முக்கியமானத விட்டுட்டேன். அந்த 1231 தவக்காலத்துல அவர் திரும்பத் திரும்பப் பேசினது வட்டியப் பத்தி. பதுவை அப்போ பணம் புழங்குற ஊரு, வட்டிக்காரங்க ஊரு. கடன் கட்ட முடியாதவனத் தூக்கி சிறையில போட்டுருவாங்க, கட்டுற வரைக்கும் உள்ளதான், உள்ள இருந்தா எப்படிக் கட்டுவான்? மார்ச் மாசம் நகர சபை சட்டத்த மாத்திச்சு: இனிமே கடனுக்காக யாரையும் சிறையில வைக்கக் கூடாது, தன்கிட்ட உள்ள சொத்த விட்டுக் குடுத்துட்டா போதும். சகோதரர் அந்தோனியாரோட வேண்டுகோளின் பேரிலன்னு அந்தச் சட்டத்துலயே அவர் பேரு எழுதியிருக்கு. கடன் வாங்கினவனுக்கு மட்டும் இல்ல, ஜாமீன் நின்னவனுக்கும் இது செல்லும்.

தோத்ததும் உண்டு. அடுத்த ரெண்டு மாசத்துல வெரோனாவுக்குப் போயி எசெலினோங்கிற கொடுங்கோலன்கிட்ட, சிறையில இருக்கிற ஒரு பிரபுவ விட்டுருன்னு கெஞ்சுனாரு. விடல. பின்னால வந்த கதைல எசெலினோ கழுத்துல கயித்தக் கட்டிட்டு கால்ல விழுந்தான்னு மாத்திட்டாங்க. அந்தக் காலத்து வரலாற்றுக்காரர் வெறுங்கையோட திரும்பினாருன்னுதான் எழுதுறாரு. வந்து ஒரு மாசத்துக்குள்ள சாவு.

பதுவைப்_பக்கம்

அதே பசிலிக்கா பீடத்துல சிற்பி தொனத்தெல்லோ செஞ்ச வெண்கலப் பலகை இருக்கு, வட்டிக்காரன் ஒருத்தன் செத்துட்டான், வயித்தக் கிழிச்சுப் பாத்தா நெஞ்சு இல்ல, நெஞ்சு அவன் பணப்பெட்டிக்குள்ள இருக்கு. கூட்டம் பூரா முண்டியடிச்சு எட்டிப் பாக்குது, ஒருத்தி பிள்ளைய இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நிப்பா. அதே ஊர்ல நடந்து போற தூரத்துல ஸ்க்ரோவேஞ்ஞி சிற்றாலயம், ஜோத்தோ ஓவியம், அதுவே வட்டில சம்பாதிச்ச அப்பனோட பாவத்துக்குப் பரிகாரமா மகன் கட்டினதுன்னு சொல்வாங்க. அந்த ஊருக்கு வட்டிதான் வியாதி.

சந்தேகப்புலி

இது எனக்குத் தெரியாது. மீனுக்குப் பதிலா இத ஏன் யாரும் கோவில்ல சொல்றதில்ல?

பழைய_மிசால்

யாரு தம்பி சொல்வா, கமிட்டில பாதிப் பேரு பைனான்ஸ்காரன். 1232 மே 30ல புனிதர் பட்டம், செத்து ஒரு வருசம் கூட ஆகல. 53 அற்புதம் வாசிச்சாங்க, கால் விளங்காதவங்க, கண்ணு தெரியாதவங்க. அந்தச் சட்டம் லிஸ்ட்ல கெடையாது. 1946ல மறைவல்லுநர்னு, அதாவது திருச்சபையோட பெரிய போதகர்னு, பட்டம் குடுத்ததும் பிரசங்கத்துக்குத்தான்.

வேப்பமரத்தடி

ரொட்டி குடுக்குறது எதுக்கு? எங்க ஊர்க் கோவில்ல செவ்வாய்க்கிழமை பன்னு குடுப்பாங்க, அசனச் சாப்பாடும் உண்டு.

பழைய_மிசால்

அதுக்கு ரெண்டு வேர். பதுவைல தண்ணித் தொட்டிக்குள்ள விழுந்து செத்த பிள்ளைக்காக தாய்க்காரி, பிள்ளை பிழைச்சா அதோட எடைக்கு எடை தானியம் ஏழைக்குக் குடுக்கிறேன்னு நேந்தாங்கிறது பழசு. 1890ல பிரான்சு தூலோன்ல லூயிஸ் புஃபியேங்கிற கடைக்காரம்மா, கடைப் பூட்டு திறக்கலன்னு ரொட்டி நேந்து, திறந்ததும் குடுக்க ஆரம்பிச்சது புதுசு. பன்னு அந்த வழி.

நெத்திலி_குழம்பு

ரெண்டு நாளா எழுதல, மன்னிக்கணும். இந்த இழையப் பூராவும் நேத்து அம்மாவுக்கு வாசிச்சுக் காட்டுனேன். மத்தி மீனுக்கு சிரிச்சாங்க, கத்திரிக்கோலுக்கு ரொம்பச் சிரிச்சாங்க. நாக்குக்கு ஒண்ணும் சொல்லல, ஏசுவேன்னு நெஞ்சுல கை வச்சாங்க.

அந்தச் சட்டத்துக்கு வந்ததும் நிப்பாட்டச் சொன்னாங்க. திரும்ப வாசின்னாங்க. "ஜாமீன் போட்டவனுக்குமா?"ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். "சரியாப் பாத்துச் சொல்லு."

எங்கப்பா கூட்டாளி ஒருத்தருக்கு ஜாமீன் கையெழுத்து போட்டாரு, நான் ரெண்டாவதோ மூணாவதோ படிக்கிறேன். அந்த ஆளு தலைமறைவு. கடன் குடுத்தவன் தினமும் வாசல்ல பைக்க நிப்பாட்டிட்டு ஹாரன் அடிப்பான், இறங்க மாட்டான், பேச மாட்டான், ஹாரன் மட்டும். அப்பா பின்வாசல் வழியா வேலைக்குப் போவாரு. கடைசில வீட்ட வித்துத்தான் முடிஞ்சது. இதெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கு, ஆனா அம்மா செவ்வாய்க்கிழமை போக ஆரம்பிச்சது அந்த வருசந்தான்னு நேத்துதான் எனக்குத் தெரியும். நான் ஏதோ நகை தொலைஞ்சு போயிருக்கும்னு நெனச்சிட்டிருந்தேன், கேக்கவே இல்ல.

அம்மாவுக்கும் இந்தச் சட்டக் கதை தெரியாது. யாரோ பக்கத்து வீட்டு அக்கா போன்னு சொன்னதால போனாங்களாம். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "சொத்த விட்டுக் குடுத்தாப் போதும்னா சொல்லியிருக்கு? அப்போ நாம செஞ்சதும் அதானல"ன்னாங்க. அப்புறம் உள்ள போயி உலை வச்சாங்க.

மிசால் ஐயா, ஒரு கேள்வி பாக்கி இருக்கு. அடுப்படில இருந்து சத்தம் போட்டுக் கேட்டாங்க, நான் கேட்டுச் சொல்லுதேன்னுட்டேன். அந்தக் காலத்துல பதுவைல நூத்துக்கு எத்தன வட்டி?